யுத்தகாலத்துக் கரையோரக் கடலும் நம்மவர் பிழைப்பும்

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யுத்தகாலங்களில் கரையோரக் கடலில் கப்பல்களுக்கும் தோணிகளுக்கும் விதிக்கப்படும் தடைகளைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். சுரங்கத்து மண்மேல் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கடலூர் இங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பரங்கிப்பேட்டையும் எட்டாத ஊரன்று. இக்கூட்டத்தில் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலோருக்குப் பாட்டனாரோ அவருக்குத் தந்தையாரோ பாயும் துடுப்புமாய்ப் பிழைத்தவர்களே. அதுவன்றி, இந்நகரம் எழுந்ததற்கே கப்பல்களுக்கு நேர்ந்த இடையூறும் ஒரு காரணம் என்பது என் துணிபு. அதனைப் பின்னர் சொல்லுகிறேன்.

கடல் எவர்க்கும் பொது என்பது நம் முன்னோர் கொள்கை. நிலத்துக்கு வரப்பு உண்டு. நீருக்கு வரப்பு இல்லை என்றே அவர்கள் வாழ்ந்தார்கள். அக்கொள்கைக்கு முதல் இடி விழுந்தது 16-ஆம் நூற்றாண்டில். போர்த்துகேசியர் இந்தியக் கடலுக்கு வந்து, 'கர்த்தாஸ்' என்றொரு சீட்டை ஏற்படுத்தினார்கள். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்குப் போவது, என்ன சரக்கு ஏற்றுவது, என்ன ஆயுதம் வைத்திருப்பது என்பன அச்சீட்டிற் கண்டிருக்கும். தாங்களே தனியுரிமை கொண்டாடிய மிளகு முதலிய சரக்குகளை ஏற்றலாகாது. தங்கள் துறையிற் சுங்கம் இறுத்தே செல்ல வேண்டும். சீட்டில்லாத மரக்கலம் அகப்பட்டாற் சரக்கோடு பறிமுதல். அதுவரை கேட்டுக் கேள்வியில்லாமற் சென்றுவந்த வணிகர், தம் வீட்டு முற்றத்தில் நடப்பதற்கு அயலானிடம் அனுமதி கேட்பவர்போல் ஆயினர். பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இவ்வழக்கத்தைத் தத்தமக்கு இசைந்தபடி கைக்கொண்டனர். யுத்தம் என்பதைக் காட்டிக் கடலுக்கு வாயில் வைப்பது இவ்வாறு தொடங்கிற்று. யுத்தம் முடிந்தபின்னும் வாயிலைக் கழற்றாமல் விடுவதும் அன்றே தொடங்கிவிட்டது.

நமது கடலூர்க் கரையே இதற்குப் பெரிய சாட்சி. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் விலைக்கு வாங்கினர். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைப் பிடித்தான். 1783-ஆம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, ஸுஃப்ரேன் என்னும் பிரெஞ்சு அதிபதியும் ஹ்யூஸ் என்னும் ஆங்கில அதிபதியும் கடலூருக்கு எதிரே பெருங்கப்பல்களை நிறுத்திப் பொருதனர். இதில் வேடிக்கை யாதெனில், ஐரோப்பாவில் அவ்வாண்டு ஜனவரியிலேயே சமாதானத்துக்கு முற்கையெழுத்து ஆகிவிட்டது. செய்தி கடல்கடந்து வந்து சேரவில்லை. முடிந்துபோன யுத்தத்துக்காக ஜூன் மாதத்தில் மனிதர் மாண்டனர். அக்காலங்களில் கரையோரத்துக் கட்டுமரக்காரர் என் செய்தார், எத்தனை நாள் அடுப்பு மூட்டாதிருந்தார் என்று எழுதிவைக்க எவரும் இல்லை. கப்பலதிபதிகளின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைக்கின்றன.

முதல் உலக யுத்தத்துக்கு வருவோம். ஒருவன் மிக்க சாமர்த்தியசாலியாகவும் அஞ்சத்தக்கவனாகவும் இருந்தால், 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் நம் வீடுகளிற் சொல்லுகிறோம். அச்சொல் ஒரு கப்பலின் பெயர். ஜெர்மானிய யுத்தக்கப்பலாகிய எம்டன், ஃபொன் முல்லர் என்னும் தலைவனின் கீழ், 1914 செப்டம்பர் 10-ந் தேதி முதல் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடிக்கவும் மூழ்கடிக்கவும் தலைப்பட்டது. செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஒன்பதரை மணியளவில் அது சென்னைக்கு முன்னே வந்து நின்றது. அப்போது சென்னைக் கரை எவ்வாறிருந்தது? உயர்நீதிமன்றத்துக் கட்டடத்தின் உச்சியிலிருந்த கலங்கரை விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. நகரத்து விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. பகைவன் வழிகேட்க வேண்டிய அவசியமே இல்லை. சுமார் நூற்றிருபத்தைந்து குண்டுகளை அரைமணி நேரத்திற்குள் எறிந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் அகன்றது. மாண்டவர் சிலரே. ஆனால் அஞ்சினவர் எத்தனை ஆயிரம்! பொருளுடையோர் நகரை விட்டு உள்நாட்டுக்கு ஓடினர். பண்டங்களின் விலை ஏறிற்று. கப்பல்கள் துறையை விட்டுப் புறப்பட மறுத்தன. கப்பற் சரக்குக்குரிய இன்ஷூரன்ஸ் கட்டணம் உயர்ந்தது. உயர்நீதிமன்றத்து மதிலில் இச்சம்பவத்தைக் குறிக்கும் கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். சென்னைக்குச் செல்வோர் காணலாம். செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்று மேடைகளிற் சொல்லப்படும் கதை கேட்க இனிமையானதே. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார் என்பதே உண்மை. பெருமைக்காகப் பொய்யை ஏற்கும் வழக்கம் நம் சங்கத்துக்கு வேண்டாம்.

அவ்வாண்டு நவம்பர் 9-ந் தேதி கொக்கோஸ் தீவினருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை ஒழித்தது. அதற்குமுன், இரண்டே மாதத்தில், இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதன் கையில் அகப்பட்டன. இதனை ஏன் விரித்துச் சொல்லுகிறேன் எனில், யுத்தகாலத் தடைகள் யாவும் வெறுங் கொடுமை என்று நினைப்பார்க்கு இதுவே விடை. விளக்கை அணைக்கச் சொல்வது, இரவிற் புறப்படாதே என்பது, குறித்த வழியிலேயே செல் என்பது, பிற கப்பல்களோடு கூட்டமாய்ச் செல் என்பது, யார் யார் ஏறினார்கள் என்று எழுதிக்கொடு என்பது ஆகிய இவற்றிற்கெல்லாம் காரணம் உண்டு. இருளிற் செல்லும் தோணி நம்முடையதோ பகைவனுடையதோ என்று கரையிலிருக்கும் காவற்காரன் எங்ஙனம் அறிவான்? தடை வேண்டுவதே. அது யார் தலைமேல் விழுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, அதனாற் கெட்டவனுக்கு யார் ஈடு செய்கிறார் என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இரண்டாம் யுத்தம் 1939 செப்டம்பரில் மூண்டது. இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் விதிகளும் அவ்வாண்டே பிறந்தன. கப்பல்களின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும், விளக்குகளை மறைக்கச் செய்யவும், வேண்டிய உடைமைகளைச் சர்க்கார் வசப்படுத்தவும் அவை அதிகாரம் அளித்தன. முதல் இரண்டாண்டு யுத்தம் நமக்குச் செய்தித்தாளிற் படிக்கும் சங்கதியாகவே இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் புகுந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. 1942 மார்ச் 8-ந் தேதி ரங்கூன் வீழ்ந்தது. கப்பலில் இடம் பெறமாட்டாத நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர்; வழியில் மாண்டவர் பலர். ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பிலும், 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ந் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதே வாரத்தில் ஒஸாவா என்னும் ஜப்பானியத் தளபதியின் படை வங்கக் கடலிற் புகுந்து, காவலின்றிச் சென்ற வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ இருபதை மூழ்கடித்தது. அதன்பின் சிலகாலம் நம் கிழக்குக் கடலிற் பெருங்கப்பல்களின் போக்குவரத்து ஏறக்குறைய நின்றேபோயிற்று. சென்னையிலிருந்து சர்க்கார் காரியாலயங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றன. மூட்டைமுடிச்சுகளோடு ஜனங்களும் சென்றனர். மிருகக்காட்சிச் சாலையிலிருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்பது வயோதிகர் பலருக்கும் தம் பெற்றோர் வாய்க்கேட்ட செய்தியாயிருக்கும்.

கப்பல் நின்றால் என்னாகும்? பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணமும், திருவிதாங்கூரும், இலங்கையும் அவ்வரிசியை எவ்வளவு நம்பியிருந்தன என்பது அது நின்றபிறகே தெரிந்தது. திருவிதாங்கூர் ஏழைகள் மரவள்ளிக்கிழங்கால் உயிர்தரித்தனர். சென்னை நகரில் 1943-ல் உணவுப் பங்கீடு வந்தது. இன்று நம் கையிலிருக்கும் குடும்ப அட்டையின் மூதாதை அதுவே.

எல்லாம் நஷ்டமே என்று சொல்வதும் நியாயமன்று. நீராவிக் கப்பல்களை யுத்தத்துக்கென்று சர்க்கார் எடுத்துக்கொண்டபடியால், கரையோரச் சரக்கைச் சுமக்க ஆளில்லாது போயிற்று. ஒதுக்கப்பட்டுக் கிடந்த பாய்மரத் தோணிகளுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. கூலி ஏறிற்று. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கு ஓடிய ஓட்டத்தைப் பற்றி அவ்வூரார் பெருமையோடு பேசுவர். இத்தொழிலின் நிலையை ஆராய 1948-ல் சர்க்கார் ஒரு பாய்மரக் கப்பற் கமிட்டியையே நியமித்தனர். இங்கே ஒரு சிறு செய்தி. யுத்தம் மூளுவதற்கு ஓராண்டு முன்னர், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், நம்மவரான மாலுமிகளால் செலுத்தப்பெற்று அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறைக்கு 1938 ஆகஸ்டிற் போய்ச் சேர்ந்தது. திசையறி கருவியும் பாயுமாய் உலகத்தின் மறுபுறம் சென்ற கைகள் அவை. அப்படிப்பட்ட கைகள், அடுத்த ஐம்பது ஆண்டுகளில், கரையிலிருந்து சிறிது தூரம் செல்வதற்கும் சீட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அதனைப் பின்னே சொல்வேன்.

வங்காளத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஜப்பானியர் கரையிறங்கினால் அவர்களுக்குப் படகு அகப்படலாகாது என்று கருதி, 1942-ல் துரைத்தனத்தார் அங்கே 'படகு மறுப்பு' என்னும் ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். பத்துப்பேருக்குமேல் ஏறக்கூடிய படகுகளைக் கரையோர ஜில்லாக்களிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். இல்லையேல் உடைத்தெறிய வேண்டும். பதிவான சுமார் 66,000 படகுகளில் சுமார் 46,000 படகுகள் ஜனங்களின் கையைவிட்டுப் போயின. வாய்க்காலும் நதியுமே வீதியாகிய நாடு அது. படகு போயிற்றென்றால் உழவன் வயலுக்குச் செல்ல வழியில்லை. குயவன் பானையை விற்க வழியில்லை. மீனவனுக்கோ பிழைப்பே இல்லை. மக்களிடமிருந்து படகைப் பறிப்பது உடலிலிருந்து உறுப்பைப் பறிப்பதற்கு ஒப்பென்னும் கருத்துப்பட மகாத்மா காந்தி எழுதினார். அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. பதினைந்து லட்சம் பேர் மாண்டனர் என்று விசாரணைக் கமிஷன் கணக்கிட்டது. முப்பது லட்சம் வரை சொல்வோரும் உளர். பஞ்சத்துக்குப் படகு ஒன்றே காரணமன்று; பர்மா அரிசி நின்றதும், புயலும், பதுக்கலும், விலையேற்றமும், துரைத்தனத்தாரின் அசட்டையும் சேர்ந்தே அக்கேடு விளைந்தது. ஆயினும் மிகுதியாக அல்லலுற்ற வகுப்பாரில் மீன்பிடிப்போரும் இருந்தனர் என்பதை அக்கமிஷனே ஒப்புக்கொண்டது. பகைவன் வரவில்லை. அவனுக்கென்று ஒழித்த படகு நம்மவர்க்கும் இல்லாமற் போயிற்று.

இனி நெய்வேலிக்கு வருகிறேன்.

யுத்தத்துக்கு முன் தென்னாட்டு ரயில்களும் ஆலைகளும் எரித்த நிலக்கரியில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? ஜாரியா, ராணிகஞ்சு முதலிய சுரங்கங்களில் வெட்டி, கல்கத்தாத் துறைமுகத்தில் ஏற்றி, கடல்வழியாய் இறக்கினார்கள். சிங்கரேணிக் கரி சிறிது உதவிற்று. யுத்தத்திற் கப்பல்கள் அகப்படாமற்போகவே, அவ்வளவு கரியும் ரயிலின் தலையில் விழுந்தது. ரயிலுக்கோ படைகளையும் தளவாடங்களையும் சுமக்கவே போதிய வண்டி இல்லை. பிரயாண வண்டிகளைக் குறைத்தார்கள்; கரி வேண்டிய இடங்களில் விறகை எரித்தார்கள். நிலக்கரியில்லாத தென்னாடு, கடல்வழி அடைபட்டால் கைகால் கட்டுண்டு கிடக்கும் என்னும் பாடத்தை அவ்வாண்டுகள் கற்பித்தன.

நெய்வேலிப் பகுதியிற் பழுப்பு நிலக்கரி இருப்பது அதற்குமுன்னமே வெளிப்பட்டது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது கறுத்த பொருள் வெளிப்பட்டதை 1930-களிற் சர்க்காருக்குத் தெரிவித்தார் என்பது இந்நகரத்துச் சிறுவர்க்கும் தெரிந்த வரலாறு. ஆனால் தெரிந்த பொருளைத் துளையிட்டு ஆராயும் ஊக்கம் எப்போது பிறந்தது என்று பாருங்கள். பின்னி கம்பெனியார் துளையிட்டது 1941-ல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார் துளையிட்டது 1943 முதல் 1946 வரை. இரண்டும் யுத்த ஆண்டுகள். சுதந்தரம் பெற்றபின் சென்னைச் சர்க்கார் அவ்வேலையைத் தொடர்ந்தனர். 1956 நவம்பர் 14-ந் தேதி நிலக்கரிக் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி ஜவஹர்லால் நேரு சுரங்கவேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ற் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. கப்பல் ஓடாமையே இந்நகரத்தைக் கட்டிற்று என்று யான் சொல்லவில்லை. தென்னாட்டுக்குச் சொந்தமாய் ஓர் எரிபொருள் வேண்டும் என்னும் எண்ணத்துக்குக் கடலடைப்பு உரமிட்டது என்றே சொல்லுகிறேன். கரையில் நம் பாட்டனார் தொழிலைக் குலைத்த அந்த யுத்தம், இங்கே பேரனுக்குத் தொழிலுக்கு வித்திட்டது. இதனை விசித்திரம் என்பதா, வினைப்பயன் என்பதா, உங்கள் விருப்பம்.

இவ்விடத்தில் ஒரு வேற்றுமையை நினைப்பூட்டுகிறேன். சுரங்கத்துக்கென்று நிலம் எடுக்கும்போது, பட்டாவைப் பார்க்கிறார்கள், சர்வே நம்பர் பார்க்கிறார்கள், மரத்தையும் கிணற்றையும் எண்ணுகிறார்கள், தொகை நிர்ணயிக்கிறார்கள். அத்தொகை போதாது, கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்று வழக்குகளும் கிளர்ச்சிகளும் இன்றளவும் நிகழ்கின்றன. அந்நியாய அநியாயம் வேறு கூட்டத்துக்குரிய பேச்சு. வழக்காடுவதற்கேனும் ஒரு காகிதம் இருக்கிறதே! கடலுக்குப் பட்டா ஏது? 'இத்துறையில் இன்ன ஆழத்தில் என் பாட்டன் வலை வீசினான்' என்பதற்கு எந்தத் தாசில்தார் சான்று கொடுப்பார்? ஆதலால் கடலை மூடும்போது இழந்தவன் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நஷ்டம் இருந்தது என்பதே பின்னாளில் மறைந்துபோகிறது. நிலத்தை இழந்தவனுக்கும் கடலை இழந்தவனுக்கும் உள்ள பெரிய பேதம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

சுதந்தரத்துக்குப் பின் வந்த யுத்தங்களிற் கிழக்குக் கடலைத் தொட்டது 1971-ஆம் ஆண்டு யுத்தம். டிசம்பர் 3-ந் தேதி இரவு கழிந்து 4-ந் தேதி விடியுமுன், விசாகப்பட்டினத்துக்கு அருகே காஜி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி அழிந்தது. கடலில் மிதந்த சிதைவுகளைக் கண்டு கொணர்ந்தவர் அவ்வூர் மீனவர். 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கியவர்கள் குபேர் என்னும் மீன்படகைப் பிடித்து, அதிலிருந்தவர்களைக் கொன்று, அப்படகிலேயே வந்தனர். அதன்பின் படகுதோறும் பதிவெண், மாநிலத்துக்கு ஒரு வண்ணம், மீனவர்க்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை என்றெல்லாம் ஏற்பாடுகள் வந்தன. அவை வேண்டியனவே. குபேர்ப் படகில் மாண்டவர்களும் மீனவர்களே ஆதலின், அவ்வட்டை முதலிற் காப்பது நம்மவர் உயிரையே.

பாக்கு நீரிணையின் கதை நீண்டது. நமக்கு மிக நெருங்கியதும் அதுவே. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அக்கடலில் எல்லைக்கோடு வரையப்பட்டது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. 1983-ல் இலங்கையில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. சில ஆண்டுகளில் வடகடல் தடைக்கடல் ஆயிற்று. இரவிற் செல்லலாகாது, கரையைவிட்டு இத்தனை தூரத்துக்கு அப்பாற் செல்லலாகாது, இத்தனை குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எந்திரம் பூட்டலாகாது, சில கரைகளை அணுகவே கூடாது. இலங்கையின் மீன்வளத்திற் பெரும்பங்கு தந்த யாழ்ப்பாணத்துக் கரை, வலையைச் சுருட்டி வைத்தது. அன்னபூரணியைச் செலுத்தியவர்களின் சந்ததியார் இவர்கள்தாம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் நின்றது. 1990 முதல் நமது கடற்படையும் இப்பக்கத்திற் காவல் பூண்டது. 2009 மே மாதம் யுத்தம் ஓய்ந்தது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிக் கப்பல் தொடங்கியதோ 2023 அக்டோபரில்! கடலை மூட ஓர் அறிவிப்புப் போதும். திறக்கப் பதினான்கு ஆண்டு வேண்டியிருந்தது.

இங்கே நமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வடகரையார் கடலுக்கு வரமாட்டாதிருந்த அக்கால் நூற்றாண்டில், அக்கடலிற் சென்று மீன் வாரியவை நம் கரையின் விசைப்படகுகள். சுடுபட்டும் சிறைப்பட்டும் சென்றார்கள் என்பது மெய். உயிர் இழந்தோர் குடும்பங்கள் பலவற்றை நாம் அறிவோம். ஆயினும் இலாபமும் கண்டார்கள் என்பதை மறைப்பதிற் பயனில்லை. யுத்தம் முடிந்து யாழ்ப்பாணத்தார் சிறு படகுகளோடு திரும்பி வந்தபோது, கடலின் அடிமட்டத்தைச் சுரண்டும் நம் இழுவலைகள் அவர்கள் வலைகளை அறுத்தன. இலங்கைச் சர்க்கார் 2017-ல் இழுவலையைச் சட்டத்தால் விலக்கினர். இன்று நம் பிள்ளைகள் அங்கே சிறைப்படுவதும் படகுகள் பறிபோவதும் அதன் தொடர்ச்சியே. தமிழன் வலையைத் தமிழன் அறுக்க நேர்ந்தது யுத்தகாலத் தடையின் பின்விளைவு. ஒருவனை நெடுங்காலம் வெளியே நிறுத்திவைத்தால், அவ்விடத்தில் இன்னொருவன் வந்து குடியேறி, அதனைத் தன் உரிமையென்றே நம்பிவிடுகிறான்.

தடையை முறையாகச் செய்ய முடியாதோ எனில், முடியும். மீன்கள் இனம்பெருகும் பொருட்டு நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளை நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறதன்றோ? முன்னர் 45 நாளாயிருந்து 2017 முதல் 61 நாள் ஆயிற்று. தொடங்கும் நாள் தெரியும். முடியும் நாள் தெரியும். குடும்பத்துக்கு நிவாரணத் தொகையும் உண்டு. தொகை சிறிதே என்று முணுமுணுப்பார்கள். ஆயினும் வலையைச் செப்பனிட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். மீனுக்காகச் செய்யத் தெரிந்ததை மனிதனுக்காகச் செய்யத் தெரியாமற் போகுமா? பகையை முன்னிட்டுக் கடலை மூடும்போதும், இன்ன நாளில் மறுபரிசீலனை செய்வோம் என்று குறிப்பதும், பதிவான படகொன்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பதும், கூலிக்கு ஏறினவன் பெயரையும் அப்பதிவிற் சேர்ப்பதும் செய்யத்தக்கவையே. கடைசியாய்ச் சொன்னதே எனக்கு முக்கியம். தொகை என்று ஒன்று வந்தால் அது படகின் சொந்தக்காரனையே நாடும். அப்படகில் இரவெல்லாம் வலையிழுத்தவன் பங்கு மீனை நம்பினவன்; பங்கு இல்லாத நாளில் அவனுக்குப் பேரே இல்லை.

தூரதேசத்துச் சங்கதியாயினும் நம் அடுப்பங்கரை வரை வந்ததொன்றைச் சொல்கிறேன். 2022-ல் ருஷியாவுக்கும் உக்ரைனுக்கும் யுத்தம் மூண்டு கருங்கடல் அடைபட்டபோது, இங்கே நெய்வேலிக் கடைகளிற் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியதைத் தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் தானியக் கப்பல்களுக்கு மட்டும் வழிவிடும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் அது முறிந்தது. 2023 நவம்பர் முதல் செங்கடலிற் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு சென்றன. பெருங்கம்பெனிகளின் கப்பலுக்குச் சுற்றிச்செல்ல வழியுண்டு; எண்ணெய்ச் செலவைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடுவார்கள். நாட்டுப்படகுக்காரன் எதைச் சுற்றிச் செல்வான்?

இனி, சபையின் முன்னிருக்கும் பிரேரணைக்கு வருகிறேன். நம் சங்கத்தின் கரையோர உதவி நிதியை இவ்வாண்டோடு முடித்து, மீதத்தைக் கல்வி நிதியிற் சேர்த்துவிடலாம் என்று இளைஞர் சிலர் கொணர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. நம் அங்கத்தினரிற் பெரும்பாலோர் இன்று சுரங்கத்திலும் மின்னிலையத்திலும் பள்ளிகளிலும் வேலை பார்ப்போர். கடலுக்குச் செல்வோர் குறைந்துவிட்டனர். கல்விச் செலவோ ஏறுகிறது. ஆனால் மாதச் சம்பளமும் வைத்திய வசதியும் உடைய நமக்கு, ஓர் அறிவிப்பினால் ஒரே நாளிற் பிழைப்பு நிற்பது என்றால் என்னவென்று தெரியாது. கரையிலிருக்கும் நம் உறவினர்க்குத் தெரியும். ஆகையால் அப்பிரேரணையை யான் எதிர்க்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு திருத்தத்தைச் சமர்ப்பிக்கிறேன்.

நிதியை நிறுத்தாமல், அதன் உபயோகத்தை மாற்ற வேண்டும். இதுவரை ஆபத்து வந்தபின் அரிசியும் துணியும் வாங்கிக் கொடுத்தோம். இனி ஆபத்துக்கு முன்னரே காகிதங்களைச் சேகரிப்போம். கரையோரத்து நம் குடும்பங்கள் ஒவ்வொன்றின் படகுப் பதிவு, உரிமச் சீட்டு, அடையாள அட்டை, சொந்தப் படகில்லாது பங்குக்கு ஏறுவோரின் பெயர், அவர் எந்தப் படகில் எந்த ஆண்டு முதல் ஏறுகிறார் என்னும் விவரம் ஆகிய யாவற்றையும் பிரதி எடுத்து இங்கே வைப்போம். பழைய தோணிக் கணக்குகளோ, யுத்தகாலத்து அனுமதிச் சீட்டுகளோ, சுங்க ரசீதுகளோ எவர் வீட்டுப் பெட்டியிலேனும் கிடந்தால், கறையான் அரிக்குமுன் கொண்டுவந்து கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். விடுமுறை நாட்களிற் கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் சென்று எழுதிவரக் கணினி தெரிந்த இளைஞர் நால்வர் வேண்டும். பிரேரணை கொணர்ந்தவர்களே அதற்கு முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். போக்குவரத்துச் செலவை நிதியிலிருந்து கொடுக்கலாம். பிரதிகளை வைப்பதற்குச் சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரியை ஒழித்துத் தருவதாகப் பொக்கிஷதார் அவர்கள் இசைந்திருக்கிறார்கள்.